மறதி நோயும் மூளையின் மாற்றங்களும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நாளில் நோயாளர் சந்திப்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பங்கு பொன்விழாக் கொண்டாடும்போது பழையதை நினைத்துப் பார்ப்பது இயல்பு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஆலயத்திற்குக் கல்லும் மணலும் சுமந்தவர்கள், முதல் பாடற்குழுவில் பாடியவர்கள், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்பித்தவர்கள் ஆகியோரில் பலர் இன்று எழுபத்தைந்தையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். இந்த மலருக்காக அவர்களிடம் அந்நாளைய செய்திகளைக் கேட்டு எழுதச் சென்றபோது ஒன்றைக் கண்டோம். சிலருக்கு அடிக்கல் நாட்டிய நாள் கண்முன் நிற்கிறது. ஆனால் அன்று காலையில் வீட்டுக்கு யார் வந்துபோனார் என்பது நினைவில் இல்லை. இன்னும் சிலருக்குப் பெற்ற பிள்ளையின் பெயரே தடுமாறுகிறது.

இதைப் பற்றி நம்மிடையே வெளிப்படையாகப் பேசும் வழக்கம் இல்லை. "வயசானால் அப்படித்தான்" என்று சிலர் விட்டுவிடுகிறோம். "வேண்டுமென்றே செய்கிறார்" என்று சிலர் கோபப்படுகிறோம். "யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்" என்று அஞ்சுவோரும் உண்டு. வீட்டு வாசலைக் கதவடைத்து மறைத்து வைப்போரும் உண்டு. ஆகவேதான் இன்று அல்சைமர் என்னும் மறதி நோயைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். மூளையில் என்ன நடக்கிறது, அதனால் அறிகுறிகள் ஏன் ஒரு வரிசையில் வருகின்றன, ஒரே அளவு பழுது இருந்தும் எல்லாரிடமும் அது ஏன் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண முயல்வோம். விடை தெரிந்தால் நம் வீட்டுப் பெரியவர்களை நாம் நடத்தும் விதம் மாறும் என்பது எங்கள் நம்பிக்கை.

எது இயல்பான மறதி?

முதலில் அச்சத்தைப் போக்கிக்கொள்வோம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், அறிந்தவரின் பெயர் நாவில் வராமல் சற்று நேரம் கழித்து வருவதும் நோயல்ல. வயது ஏற ஏற மூளையின் வேகம் சிறிது குறையும். நினைவூட்டினால் "ஆமாம், ஆமாம்" என்று வந்துவிடும்.

நோயில் நடப்பது வேறு. நடந்த நிகழ்ச்சியே மனத்தில் பதிவதில்லை. ஆகவே நினைவூட்டினாலும் வருவதில்லை. கண்ணாடி வைத்த இடத்தை மறப்பது முதுமை. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் போவது நோய். அறிவைப் பாதித்து அன்றாட வாழ்வை முடக்கும் இத்தகைய நிலைக்கு மருத்துவர்கள் டிமென்ஷியா என்று பெயரிட்டுள்ளனர். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகுதியானது அல்சைமர் நோய். நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேருக்கு இதுவே காரணம். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நிலை இருக்கலாம் என்று 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுக் கதையன்று.

பிராங்க்பர்ட் நகரில் ஒரு பெண்மணி

1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51. கணவர் மீது காரணமின்றிச் சந்தேகம், பொருள்களை ஒளித்து வைத்தல், வீட்டு வேலையில் தடுமாற்றம், நினைவு இழப்பு ஆகியவை அவரிடம் காணப்பட்டன. அங்கிருந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் அவர் அருகே அமர்ந்து கேள்வி கேட்டு, விடைகளை அப்படியே எழுதி வைத்தார். பெயர் என்ன என்று கேட்டதற்கு "அகுஸ்டே" என்றார். கணவரின் பெயரைக் கேட்டதற்கும் "அகுஸ்டே" என்றே சொன்னார். பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் உண்டுகொண்டிருந்தபோது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, கீரை என்று பதில் வந்தது. தம்மையே தாம் இழந்துவிட்டதாக அவர் சொன்னதும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது.

1906 ஏப்ரல் 8ஆம் நாள் அவர் இறந்தார். அப்போது மியூனிக் நகரில் பணியாற்றிய அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு வெளியே சிறு சிறு திட்டுகளாக ஏதோ ஒரு பொருள் படிந்திருந்தது. நரம்பணுக்களுக்கு உள்ளே நூல்கண்டு சிக்கிக்கொண்டது போன்ற முடிச்சுகள் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். 1910இல் அவருடைய மேலதிகாரி எமில் கிரேபெலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பெண்மணியின் சந்தேகமும் தடுமாற்றமும் அவருடைய குணக்கேடு அன்று. அவை மூளையில் கண்ணால் காணக்கூடிய பழுதின் வெளிப்பாடு. பலரும் அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கியிருக்கக் கூடிய காலத்தில், பொறுமையோடு அருகமர்ந்து கேட்ட ஒருவரால் இந்த உண்மை உலகுக்குத் தெரிந்தது.

திட்டும் முடிச்சும்

அல்சைமர் கண்ட அந்த இரண்டும் என்ன என்பது பின்னாளில் தெரிந்தது. வெளியே படியும் திட்டுகள் அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை. உள்ளே விழும் முடிச்சுகள் டௌ என்னும் மற்றொரு புரதத்தால் ஆனவை.

நரம்பணு ஒவ்வொன்றுக்கும் நீண்ட கிளை உண்டு. அதன் வழியே உணவும் சரக்கும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல, இருப்புப்பாதை போன்ற நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. தண்டவாளத்தைக் குறுக்குக் கட்டைகள் தாங்குவது போல அக்குழல்களைத் தாங்கி நிற்பது டௌ புரதம். நோயில் அது தன் இடத்தை விட்டுப் பெயர்ந்து ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கிறது. பாதை குலைகிறது, போக்குவரத்து நிற்கிறது. நரம்பணு தன் அண்டை அணுக்களோடு பேசும் சந்திப்புகளை முதலில் இழக்கிறது. பிறகு தானும் மடிகிறது. இந்தச் சந்திப்புகளின் இழப்புதான் நினைவுக் குறைவோடு மிக நெருங்கிப் பொருந்துகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அமிலாய்டு படிவதோ வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அறிகுறி தோன்றுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது மூளையில் சேரத் தொடங்குவதை இன்று படக் கருவிகளால் காண முடிகிறது. எழுபத்தைந்தில் மறக்கத் தொடங்குபவரின் மூளையில் ஐம்பத்தைந்திலேயே மாற்றம் தொடங்கியிருக்கலாம். ஆனால் அமிலாய்டு எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கொண்டு ஒருவர் எவ்வளவு மறப்பார் என்று சொல்ல முடிவதில்லை. டௌ முடிச்சுகள் எங்கே பரவியிருக்கின்றன என்பதைக் கொண்டு ஓரளவு சொல்ல முடிகிறது.

அறிகுறிகளின் வரிசை

ஜெர்மனியைச் சேர்ந்த ஹைக்கோ பிராக், ஏவா பிராக் என்னும் தம்பதியர், இறந்தோரின் மூளைகள் பலவற்றை ஆராய்ந்து, இந்த முடிச்சுகள் கண்டபடி பரவுவதில்லை, ஒரு பாதையில் படிப்படியாகச் செல்கின்றன என்று 1991இல் எழுதினர். அதை அவர்கள் ஆறு படிகளாகப் பிரித்தனர்.

முதல் இரண்டு படிகளில் முடிச்சுகள் நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், மூளையின் அடியில் ஒரு சிறு பகுதியில் மட்டும் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த மனிதர் வழக்கம்போல் கடைக்குப் போவார், கணக்குப் பார்ப்பார், பூசைக்கு வருவார்.

மூன்றாம், நான்காம் படிகளில் அவை ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியை நன்கு பற்றிக்கொள்கின்றன. கடல்குதிரை வடிவில் இருப்பதால் இதற்கு இப்பெயர். புதிதாக நடப்பதை நினைவில் பதிய வைப்பது இதன் வேலை. பழைய நினைவுகளோ மூளையின் மேற்பரப்பெங்கும் பரவிப் பல ஆண்டுகளாக வேரூன்றிவிட்டவை. ஆகவேதான் இப்படியில் இருப்பவர் அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தை விவரமாகச் சொல்வார். ஆனால் பத்து நிமிடத்திற்கு முன் கேட்ட கேள்வியை மீண்டும் கேட்பார். நடிக்கிறார் என்று எண்ண வேண்டாம். அவரைப் பொறுத்தவரை அவர் முதல் முறையாகத்தான் கேட்கிறார்.

ஐந்தாம், ஆறாம் படிகளில் முடிச்சுகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவுகின்றன. பக்கவாட்டுப் பகுதி கெடும்போது பொருள்களின் பெயர்கள் மறைகின்றன. கரண்டி என்பதற்கு "அது, அது" என்பார். மேற்பகுதி கெடும்போது திசை தப்புகிறது. சட்டையின் கையில் காலை நுழைப்பார், நாற்பது ஆண்டு நடந்த தெருவில் வழி தவறுவார். முன்பகுதி கெடும்போது திட்டமிடலும் அடக்கமும் குறைகின்றன. கடுஞ்சொல் பேசாதவர் பேசுவார், பலர் முன் உடையைக் களைவார். அசைவுக்கும் பார்வைக்கும் உரிய பகுதிகள் கடைசிவரை தப்பி நிற்கும். மகனை அடையாளம் தெரியாதவர் நன்றாக நடந்து வீட்டைவிட்டு வெளியேறிவிடுவது இதனால்தான். இறுதிக் கட்டத்தில் நடையும், விழுங்குவதும், சிறுநீரை அடக்குவதும்கூட இயலாமல் போகின்றன. பலருக்கு நுரையீரல் காய்ச்சலே முடிவாகிறது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் நோய் கண்டறியப்பட்டோர் சராசரியாக நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்கின்றனர். சிலர் இருபது ஆண்டுகள் வரையும் வாழ்வதுண்டு.

இந்த வரிசையை அறிந்தால் வீட்டில் நடக்கும் ஒரு பெருஞ்சண்டை புரியும். வீடு சந்திக்கச் செல்லும்போது நாங்கள் மிகுதியாகக் கேட்பது இதுவே. மாமியார் அண்டை வீட்டாரிடம், "மருமகள் எனக்குச் சோறே போடவில்லை" என்கிறார். மருமகள் கண்ணீரோடு, "இப்போதுதானே சாப்பிட்டீர்கள் அத்தை" என்கிறாள். அண்டை வீட்டார் யாரை நம்புகிறார்கள்? முதியவரைத்தான். அந்த மருமகளின் பெயர் தெருவெங்கும் கெடுகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. உண்ட சோறு வயிற்றில் இருக்கிறது. உண்டது என்னும் பதிவு மூளையில் இல்லை, அவ்வளவே. "என் பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்பதும் அப்படியே. பத்திரமாக இருக்கட்டும் என்று தாமே ஒளித்து வைத்தார், வைத்தது பதியவில்லை. பணத்தைக் காணோம் என்பது மட்டும் தெரிகிறது. அந்த வெற்றிடத்தை மனம் தானாக ஒரு காரணத்தால் நிரப்பிக்கொள்கிறது. ஆகவே இத்தகைய பேச்சைக் கேட்டால், தீர்ப்பிடுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு குடும்பத்தின் மானம் அதில் அடங்கியிருக்கிறது.

678 சகோதரிகள் தந்த கொடை

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். மூளையில் ஒரே அளவு பழுது இருந்தும் ஒருவர் முற்றிலும் மறக்கிறார், மற்றொருவர் தெளிவாக இருக்கிறார். அது எப்படி? இதற்கு விடை தேட உதவியவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்த கன்னியர் என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர், அம்மாநிலத்தின் மேன்கேட்டோ என்னும் ஊரில் இருந்த நோட்ரடாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடத்தை அணுகினார். பின்னர் இந்த ஆய்வு கெண்டக்கிப் பல்கலைக்கழகத்திற்கு மாறி, அச்சபையின் வேறு மடங்களுக்கும் விரிந்தது. ஏன் கன்னியர்? மக்களை ஒப்பிட்டு ஆராயும்போது ஒருவர் புகைப்பார், மற்றவர் புகைக்கமாட்டார். ஒருவர் செல்வர், மற்றவர் ஏழை. எதனால் எது விளைந்தது என்று பிரித்தறிவது கடினம். மடத்துச் சகோதரிகளோ ஒரே கூரையின் கீழ், ஒரே உணவை உண்டு, ஒரே விதமான மருத்துவ வசதியோடு வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் ஆசிரியைகள். இளமை முதல் அவர்களைப் பற்றிய குறிப்புகள் மடத்து அலமாரியில் பத்திரமாக இருந்தன.

75 முதல் 102 வயது வரையிலான 678 சகோதரிகள் இதில் சேர்ந்தனர். ஆண்டுதோறும் நினைவுத் தேர்வுகளுக்கு உட்பட்டனர். இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் அத்தனை பேரும் சம்மதித்தனர். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் வாழ்வைச் செலவிட்டவர்கள், இறந்த பின்னும் கற்பிக்க முன்வந்தார்கள் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அவர்களிடமிருந்து உலகம் கற்றவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று. சகோதரி மேரி என்று ஆய்வில் குறிக்கப்படும் ஒருவர் 101 வயதில் இறந்தார். இறக்கும் வரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆனால் அவருடைய மூளையைத் திறந்து பார்த்தபோது திட்டுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. மூளை நோயுற்றிருந்தது, மனிதரிடம் நோய் வெளிப்படவில்லை. இவர் ஒருவர் மட்டுமல்லர், இத்தகையோர் வேறு சிலரும் இருந்தனர்.

இரண்டு. 1997இல் வெளியான பகுதியில், இறந்துபோன 102 சகோதரிகளின் மூளைகள் ஆராயப்பட்டன. அவற்றுள் 61 மூளைகளில் அல்சைமர் நோய்க்குரிய பழுது தெளிவாக இருந்தது. அந்த 61 பேருள், இரத்தக் குழாய் அடைப்பால் நேரும் பக்கவாதத் தழும்புகள் ஏதும் மூளையில் இல்லாதவர்களில் நூற்றுக்கு 57 பேரிடம்தான் டிமென்ஷியா வெளிப்பட்டிருந்தது. மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு சிறு தழும்புகள் இருந்தவர்களிலோ நூற்றுக்கு 93 பேரிடம் வெளிப்பட்டிருந்தது. அதே தழும்புகள், அல்சைமர் பழுது இல்லாத மூளைகளில் அத்தனை பெரிய கேட்டை விளைவிக்கவில்லை. அதாவது, ஏற்கெனவே பாரம் சுமக்கும் மூளைக்குச் சிறு பக்கவாதம் கூடுதல் பாரமாகி அதைக் கீழே தள்ளிவிடுகிறது.

மூன்று. இச்சகோதரிகள் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன், ஏறக்குறைய 22 வயதில், தங்கள் வாழ்க்கைச் சுருக்கத்தைக் கைப்பட எழுதித் தந்திருந்தனர். அவற்றை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை கருத்துகள் செறிந்துள்ளன என்று எண்ணினர். கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்கள், சராசரியாக 58 ஆண்டுகள் கழித்து, நினைவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறும் வாய்ப்பு மிகுதி என்று 1996இல் கண்டனர். இதற்குக் காரணம் இளமையில் மொழியும் அறிவும் வளர்ந்த விதமா, அல்லது நோயின் வேர் அப்போதே இருந்ததா என்பது விவாதத்திற்குரியது. எனினும் குழந்தைப் பருவத்தில் மூளைக்குக் கிடைக்கும் வளம் முதுமை வரை கணக்கில் வருகிறது என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

மூளையின் சேமிப்பு

இவற்றையெல்லாம் விளக்க ஆய்வாளர்கள் மூளையின் சேமிப்பு என்ற கருத்தைக் கூறுகின்றனர். ஓர் ஊருக்கு ஒரே பாதை இருந்தால், பாலம் உடைந்த அன்றே ஊர் துண்டிக்கப்படும். நான்கு பாதைகள் இருந்தால் ஒன்று உடைந்தாலும் மற்றொன்றால் போய்வரலாம். கல்வி, வாசிப்பு, கைத்தொழில், பலரோடு பழகுதல், புதியன கற்றல் இவையெல்லாம் மூளையில் பாதைகளைப் பெருக்குகின்றன. நோய் வராமல் அவை தடுப்பதில்லை. வந்த நோய் வெளிப்படுவதைத் தள்ளிப் போடுகின்றன.

இதில் ஒரு மறுபக்கமும் உண்டு. சேமிப்பு மிகுந்தவரிடம் நோய் வெளியே தெரியும்போது உள்ளே பழுது முற்றியிருக்கும். ஆகவே அதன்பின் அவர் விரைவாகத் தளரக்கூடும். "நேற்று வரை நன்றாக இருந்தாரே, ஒரே ஆண்டில் இப்படி ஆகிவிட்டாரே" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றி நாம் வியப்பது இதனால்தான்.

இதைக் கேட்டுவிட்டு, படித்தவருக்கு நோய் வராது, படியாதவருக்கு வரும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பக்தியுள்ளவருக்கு வராது என்பதும் தவறு. அதே மடத்தில், அதே செபம் சொல்லி, அதே உணவை உண்ட சகோதரிகளில் பலருக்கு நோய் வெளிப்படத்தான் செய்தது. வயது, பிறப்பில் வரும் மரபணு, தலையில் பட்ட அடி எனப் பல காரணங்கள் உள்ளன. இந்நோய் பாவத்தின் தண்டனையும் அன்று. பேயின் செயலும் அன்று. இதற்காக யாரும் மந்திரவாதியிடம் ஓட வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காடு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று கூறியது. குறைந்த கல்வி, செவிக்குறைவு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பு, உடற்பருமன், புகை, மிகுந்த குடி, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலையில் அடி, காற்று மாசு ஆகியவையே அவை. ஐம்பது வயதுக்குள் இருப்போர் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். சகோதரிகளின் மூளை கற்பித்த இரண்டாவது பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை "தலைவலி இல்லை" என்று நிறுத்திவிடுவது பெருந்தவறு. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதும், மாலையில் நடப்பதும், இருசக்கர வண்டியில் தலைக்கவசம் அணிவதும், காது கேட்கவில்லை என்றால் கருவி வாங்குவதும் மூளைக்குச் செய்யும் காவலே.

மறதி தொடங்கினால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லா மறதியும் அல்சைமர் அன்று. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்ததால் தலைக்குள் தேங்கிய இரத்தம், சில மாத்திரைகளின் விளைவு இவற்றாலும் மறதி வரும், கண்டறிந்தால் சரிப்படுத்தலாம். திடீரென்று இரண்டு நாளில் பிதற்றல் வந்தால் சிறுநீர்த் தொற்றுப் போன்றவை இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

அல்சைமர் நோயை அடியோடு குணப்படுத்தும் மருந்து இல்லை. டோனபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சிறிது காலம் துணை செய்யும். அமிலாய்டை அகற்றும் லெகானமாப் என்னும் ஊசி மருந்துக்கு 2023இலும் டோனனமாப் என்பதற்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்க நிலையில் இருப்போருக்கு நோயின் வேகத்தை அவை ஓரளவு குறைக்கின்றன. இழந்த நினைவைத் திருப்பித் தருவதில்லை. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படும் ஆபத்தும் உண்டு. ஆகவே விளம்பரம் கண்டு நிலத்தை விற்காதீர்கள். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எஞ்சி நிற்பது

கடைசியாக, நோய் எதைப் பறிக்கிறது என்பதோடு எதை விட்டுவைக்கிறது என்பதையும் அறிய வேண்டும். சிறுவயது முதல் ஆயிரமாயிரம் முறை செய்து பழகியவை மூளையின் வேறு பகுதிகளில் பதிந்திருப்பதால் நெடுநாள் நிற்கின்றன. பேச்சுக் குறைந்துவிட்டவர்களும் பழகிய பாடலைக் கேட்டால் கூடவே பாடுவதுண்டு. செபமாலையைக் கையில் கொடுத்து நாம் தொடங்கினால் விரல்கள் மணிகளை உருட்டும், மறுமொழி வாயில் வரும்.

உணர்ச்சியும் அப்படியே. 2014இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயாளர்க்குச் சோகமும் மகிழ்ச்சியும் ஊட்டும் படக்காட்சிகளைக் காட்டினர். சற்று நேரத்தில் காட்சி அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய உணர்ச்சி மறையாமல் நின்றது. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். நாம் கடிந்து பேசியதை அவர் மறந்துவிடுவார்; அதனால் வந்த துயரம் அவரிடம் தங்கும். நாம் அருகில் அமர்ந்து பேசியதையும் மறந்துவிடுவார். அதனால் வந்த நிம்மதியும் தங்கும். "எப்படியும் மறக்கத்தானே போகிறார், எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?" என்று கேட்போருக்கு இதுவே பதில்.

வீட்டில் உள்ளோர்க்குச் சில சொற்கள். அவரோடு வாதாடாதீர்கள். எண்பது வயதுத் தாய் "எங்கம்மா எங்கே?" என்று கேட்டால், "செத்து நாற்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லாதீர்கள்; ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய சாவு. "அம்மாவை நினைத்துக்கொண்டீர்களா? அவர் எப்படிச் சமைப்பார் சொல்லுங்கள்" என்று பேச்சை நடத்துங்கள். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். "நான் உங்கள் மகன் வந்திருக்கிறேன் அப்பா" என்று நீங்களே சொல்லுங்கள். சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள்.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. இரவு பகலாக ஒருவரைக் கவனிப்பவர், பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ, தாமே நோயாளியாகிவிடுகிறார். ஞாயிறு பூசைக்குக்கூட அவரால் வர முடிவதில்லை. ஒவ்வொரு அன்பியமும் இத்தகைய வீட்டைக் கண்டறிந்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் போய் முதியவரோடு இருந்தால், கவனிப்பவர் பூசைக்கோ கடைக்கோ உறங்கவோ போகலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. முதியவர் பூசையின் நடுவில் எழுந்து சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அப்படிச் சுளித்ததால்தான் பல குடும்பங்கள் அவர்களைக் கோவிலுக்கு அழைத்து வருவதையே நிறுத்திவிட்டன. தெருவில் வழி தவறி நிற்பவரைக் கண்டால் கையைப் பிடித்து வீடு சேருங்கள்.

வயதான தந்தையின் அறிவு தளர்ந்துபோனாலும் அவரிடம் பொறுமை காட்ட வேண்டும், அவரை இகழக் கூடாது என்று சீராக்கின் ஞானநூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நமக்குக் கற்பித்திருக்கிறது. மூளையில் நடப்பதை இன்று அறிவியல் காட்டித் தருகிறது. இரண்டையும் அறிந்த நாம், அறியாதவர்களைப் போல் நடந்துகொள்ள நியாயமில்லை. பொன்விழா முடிந்து பந்தல் பிரிக்கப்படும் முன், இம்மலரின் பெயர்ப் பட்டியலில் இருந்தும் விழாவுக்கு வர முடியாதுபோன பெரியவர் ஒருவரையாவது ஒவ்வொரு குடும்பமும் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!